ஆறு முறை கழன்ற தோள்: கீஹோல் செய்தால் நிற்குமா?

கேள்வி:

வணக்கம் டாக்டர். எனக்கு வயது 22. வீடு பட்டர்வொர்த்தில், வேலை பாயான் லெப்பாஸில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில். ஷிப்ட் வேலை; மோட்டார் சைக்கிளில் பினாங்குப் பாலம் தாண்டிப் போய் வருகிறேன். ஐந்தாம் படிவம் படிக்கும்போது ஃபுட்சாலில் கோல்கீப்பராகப் பாய்ந்து விழுந்ததில் வலது தோள் முதல் தடவை கழன்றது. அதற்குப் பிறகு ஐந்து தடவை. ஒரு தடவை தூக்கத்தில் புரண்டு படுத்தபோதே கழன்றது. கடைசியாகத் தைப்பூச இரவில், ரதத்துக்கு முன் தேங்காய் உடைக்கக் கையை ஓங்கினேன், தோள் இறங்கிவிட்டது. எம்.ஆர்.ஐ அறிக்கையில் 'பாங்கார்ட்', 'ஹில் சாக்ஸ்' என்று இரண்டு வார்த்தைகள் இருக்கின்றன. ஒரு டாக்டர் கீஹோலில், அதாவது சிறு துளை வழியாக, தைத்துவிடலாம் என்கிறார். இன்னொருவர் திறந்து எலும்பு வைக்க வேண்டும் என்கிறார். கிள்ளானில் இருக்கும் என் மாமா மகனுக்குக் கீஹோல் செய்து இரண்டாம் வருஷமே மறுபடி கழன்றுவிட்டது. அம்மா, கத்தியே வேண்டாம், சுளுக்கு வழிப்பவரிடம் போய் எண்ணெய் போட்டு வழித்துக்கொள் என்கிறார். கீஹோல் செய்தால் எத்தனை சதவீதம் நிற்கும்? எத்தனை நாள் வேலைக்குப் போக முடியாது? அடுத்த தைப்பூசத்துக்குக் காவடி எடுக்க வேண்டுதல் இருக்கிறது, முடியுமா?

பெயர் வேண்டாம், பட்டர்வொர்த்

பதில்:

தம்பி, உங்களுக்கு அறுவை சிகிச்சை தேவை. அதில் எனக்குத் தயக்கமே இல்லை. 22 வயதில் ஆறு முறை கழன்று, தூக்கத்தில் புரண்டாலே இறங்குகிற தோள் தானாகச் சரியாகப் போவதில்லை. ஆனால் எந்த அறுவை சிகிச்சை என்று சொல்ல உங்களிடம் இருக்கும் எம்.ஆர்.ஐ மட்டும் போதாது. ஒரு சி.டி ஸ்கேன் வேண்டும். இரண்டு டாக்டர்கள் இரண்டு விதமாகச் சொன்னதற்கும், அநேகமாக உங்கள் மாமா மகனுக்கு மறுபடி கழன்றதற்கும் விடை அந்தப் படத்தில்தான் இருக்கிறது. தோள் குழியின் எலும்பு எவ்வளவு போயிருக்கிறது என்பதுதான் கேள்வி.

தோள் போலக் கண்டபடி சுழலும் மூட்டு உடம்பில் வேறு இல்லை. அப்படிச் சுழல வேண்டுமென்றால் குழி ஆழமாக இருக்க முடியாது. தேநீர் சாஸர் மேல் ஒரு பந்தை வைத்தால் எப்படி இருக்கும், அப்படித்தான் கை எலும்பின் தலை அந்தக் குழியில் உட்கார்ந்திருக்கிறது. விளிம்பைச் சுற்றி லேப்ரம் என்ற கெட்டியான ஜவ்வு வளையம் ஒன்று உண்டு. அதோடு சேர்ந்த மூட்டுறையும், சுற்றியிருக்கும் தசைகளும்தான் பந்தை இடத்தில் பிடித்து வைக்கின்றன. கோல்கீப்பராகப் பாய்ந்து விழுந்த அன்று, பந்து முன்பக்கமாக வெளியே வரும்போது அந்த வளையத்தை எலும்பிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்திருக்கும். லண்டனில் பிளண்டெல் பாங்கார்ட் என்ற அறுவை மருத்துவர் 1923இல் இதுதான் காரணம் என்று எழுதினார். உங்கள் அறிக்கையில் இருக்கும் முதல் வார்த்தை அவர் பெயர்தான்.

இரண்டாவது வார்த்தை, 1940இல் இதைப் பற்றி எழுதிய ஹில், சாக்ஸ் என்ற இரண்டு அமெரிக்க எக்ஸ்ரே மருத்துவர்களுடையது. வெளியே வந்த பந்தின் பின்பக்கம் குழியின் கூரான விளிம்பில் போய் மோதும். மோதிய இடத்தில் பள்ளம் விழும். ஒவ்வொரு முறை கழலும்போதும் இந்த இரண்டும் ஒன்றையொன்று தேய்க்கின்றன: பந்தில் பள்ளம் ஆழமாகிறது, சாஸரின் முன் விளிம்பு கொஞ்சம் கொஞ்சமாக உடைந்துபோகிறது. முதல் தடவை உங்களைக் கழற்ற ஒரு பாய்ச்சல் தேவைப்பட்டது. ஆறாவது தடவைக்குக் கையை ஓங்கியதே போதுமாக இருந்திருக்கிறது.

தேங்காய் உடைக்கும் அந்தக் கணத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். மேல்கை தோள் உயரத்துக்கு மேல் போகிறது, முன்கை பின்னால் சாய்கிறது, கையில் கனம் வேறு. கிளினிக்கில் உங்களைப் படுக்க வைத்து, கையை அதே கோணத்துக்கு மெல்லக் கொண்டுபோய், "கழன்றுவிடும் போல இருக்கிறதா?" என்று கேட்டுத்தான் நாங்கள் பரிசோதிக்கிறோம். அந்தக் கோணம் வந்ததும் நோயாளி முகத்தைச் சுளித்துக்கொண்டு மற்றக் கையால் என் மணிக்கட்டைப் பிடித்துவிடுவார். பாதி நோயறிதல் அங்கேயே முடிந்துவிடும். லெபு பினாங்கிலிருந்து தண்ணீர்மலை முருகன் கோயில் வரை ரதப் பாதை நெடுக அத்தனை பேர் அதே கோணத்தில் கையை வீசுகிறார்கள். தோளில் பழைய கோளாறு உள்ளவர்களுக்கு இதைவிட மோசமான பரீட்சை கிடையாது.

சரி, சதவீதத்துக்கு வருவோம்.

கீஹோல் தையல் முறையில் தோளைச் சுற்றி மூன்று சிறு துளைகள் போடுவார்கள், ஒவ்வொன்றும் சுமார் ஒரு சென்டிமீட்டர். ஒன்றில் கேமரா, மற்றதில் கருவிகள். மூட்டுக்குள் உப்பு நீரைச் செலுத்தி இடத்தை விரித்துக்கொள்வார்கள். (அதனால் முடிந்த அன்று தோள் பலூன் மாதிரி வீங்கியிருக்கும், பயப்பட வேண்டாம். ஓரிரு நாளில் நீர் வடிந்துவிடும்.) பிய்ந்து போன லேப்ரத்தைச் சுரண்டி விடுவித்து, குழியின் விளிம்பில் ஆங்கர் எனப்படும் சிறு ஆணிகளைப் பதித்து, அவற்றிலிருந்து வரும் நூலால் ஜவ்வை இழுத்துக் கட்டுவார்கள். வழக்கமாக மூன்று, நான்கு ஆங்கர்கள் தேவைப்படும். இரண்டோடு நிறுத்தினால் மறுபடி கழலும் வாய்ப்பு கூடுகிறது என்பது பல இடங்களில் பார்த்த விஷயம். ஆகவே உங்கள் டாக்டரிடம் எத்தனை ஆங்கர் போடப்போகிறார் என்று தயங்காமல் கேளுங்கள்.

இதன் பலன் என்ன? 2000ஆம் ஆண்டு அமெரிக்காவின் பர்க்ஹார்ட்டும் தென்னாப்பிரிக்காவின் டி பீரும் சேர்ந்து 194 கீஹோல் தையல்களின் கணக்கை வெளியிட்டார்கள். எலும்பு பெரிதாகத் தேயாதவர்களில் மறுபடி தொல்லை வந்தது 4 சதவீதம் பேருக்கு. எலும்பு பெரிதாகப் போனவர்களில் 67 சதவீதம். மோதி ஆடும் விளையாட்டுக்காரர்களில், எலும்பும் போயிருந்தால் 89. அதே கேமரா, அதே தையல்தான். மாறியது எலும்பு ஒன்றுதான். 'கீஹோல் எத்தனை சதவீதம் நிற்கும்' என்று கேட்டால் நான் பதில் சொல்லாமல் சி.டியைக் கேட்பது இதனால்தான். உங்கள் மாமா மகனின் தோளில் எவ்வளவு எலும்பு இருந்தது என்று தெரியாமல் அவருடைய அனுபவத்தை உங்கள் தலையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

பால்க், புவாலோ என்ற இரண்டு மருத்துவர்கள் 2007இல் இதை ஒரு மதிப்பெண் பட்டியலாகவே ஆக்கிவிட்டார்கள். அறுவை நாளில் வயது 20 அல்லது அதற்குக் கீழ் என்றால் 2. போட்டி அளவில் விளையாடினால் 2. மோதும் ஆட்டமோ, கையை ஓங்கி வீசும் ஆட்டமோ என்றால் 1. மூட்டுகள் இயல்பிலேயே தளர்வாக இருந்தால் 1. கையை வெளிப்பக்கமாகத் திருப்பி எடுத்த சாதாரண எக்ஸ்ரேயிலேயே ஹில் சாக்ஸ் பள்ளம் தெரிந்தால் 2. குழியின் கீழ் விளிம்புக் கோடு அழிந்திருந்தால் 2. கூட்டினால் 3 அல்லது அதற்குக் கீழே வந்தவர்களில் மறுபடி கழன்றது 5 சதவீதம். 6 வரை 10 சதவீதம். 6ஐத் தாண்டினால் 70.

உங்களுக்கு வயதுக்கு மதிப்பெண் இல்லை, 22 ஆகிவிட்டது. அதில் ஓர் அதிர்ஷ்டம். ஃபுட்சால் இன்னும் லீக்கில் ஆடுகிறீர்களா, வார இறுதியில் நண்பர்களோடா என்று நீங்கள் எழுதவில்லை. லீக் என்றால் 2, கோல்கீப்பர் என்பதால் இன்னொரு 1. எம்.ஆர்.ஐயில் ஹில் சாக்ஸ் இருக்கிறது. எக்ஸ்ரேயிலும் தெரிந்தால் 2. இதெல்லாம் சேர்ந்தாலே 5. குழி விளிம்பு தேய்ந்திருந்தால் 7. பாருங்கள், ஒரே ஒரு விடையில் நீங்கள் பத்து சதவீதப் பக்கத்திலிருந்து எழுபது சதவீதப் பக்கத்துக்குப் போகிறீர்கள். ஒரு டாக்டர் தையல் என்றும் மற்றவர் எலும்பு என்றும் சொன்னது இந்த எல்லைக்கோட்டில் நீங்கள் நிற்பதால்தான் இருக்க வேண்டும். இரண்டு பேரும் தவறாகச் சொல்லவில்லை. யார் சி.டி கேட்டார் என்பதைத்தான் நான் கவனிப்பேன்.

முப்பரிமாண சி.டியில் குழியின் அகலத்தில் எவ்வளவு போயிருக்கிறது என்று அளந்துவிடலாம். 20 முதல் 25 சதவீதத்துக்கு மேல் போயிருந்தால், ஜவ்வை மட்டும் தைப்பது பெரும்பாலும் நிற்காது. உடைந்த விளிம்பில் என்னதான் இழுத்துக் கட்டினாலும் பந்து உருண்டு வரத்தான் செய்யும். சமீப காலத்தில் 13, 14 சதவீதத்திலிருந்தே பலன் குறையத் தொடங்குகிறது என்று சொல்கிறார்கள், குறிப்பாக இளைஞர்களிடம். அப்புறம் பந்தில் விழுந்த பள்ளம் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். கையை ஓங்கும்போது அந்தப் பள்ளம் குழியின் விளிம்பில் போய் மாட்டிக்கொள்கிறதா, தாண்டிப் போகிறதா? மாட்டும் என்றால், பின்பக்கத் தசைநாணை அந்தப் பள்ளத்துக்குள்ளேயே தைத்து அடைத்துவிடலாம். இதையும் கீஹோலிலேயே, லேப்ரம் தைக்கும்போதே செய்வார்கள். எல்லைக்கோட்டில் இருக்கும் பலருக்கு இது நல்ல நடுவழி என்பது என் கருத்து.

குழி எலும்பு நிறையப் போயிருந்தால் இரண்டாவது டாக்டர் சொன்னதுதான் சரி. அதன் பெயர் லாட்டார்ஜே. பிரான்சின் லியோன் நகரத்து மிஷெல் லாட்டார்ஜே 1954இல் சொன்ன முறை. காறை எலும்புக்குக் கீழே, தோளின் முன்பக்கம் விரலால் அழுத்தினால் ஒரு சிறு எலும்பு முனை தட்டுப்படும். அதை அதனோடு ஒட்டிய தசைநாணோடு வெட்டி எடுத்து, தேய்ந்துபோன விளிம்பில் வைத்து ஸ்குரூவால் முடுக்குவார்கள். எலும்பு இழப்பை ஈடு செய்வதோடு, கையை ஓங்கும்போது அந்தத் தசைநாண் பந்தின் முன்னால் குறுக்கே நின்று தடுக்கவும் செய்கிறது. நீண்ட காலக் கணக்கில் லாட்டார்ஜே செய்தவர்களில் முழுசாக மறுபடி கழல்வது நூற்றுக்கு மூன்று பேர் அளவில்தான். அப்படியானால் எல்லாருக்கும் அதையே செய்துவிடலாமே என்று தோன்றும். பிரான்சில் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் பக்கத்திலேயே நரம்புகள் ஓடுகின்றன. எலும்பு ஒட்டாமல் போகலாம், ஸ்குரூ தொந்தரவு கொடுக்கலாம். அது தோற்றுப்போனால் அடுத்த அறுவை கடினம். தையல் தோற்றால் லாட்டார்ஜே என்று ஒரு வழி மிச்சம் இருக்கும். எலும்பு நன்றாக இருக்கும் 22 வயதுப் பையனுக்கு நான் தையலில்தான் தொடங்குவேன். எலும்பு போயிருந்தால் தையலில் நேரம் வீணாக்க மாட்டேன்.

லாட்டார்ஜேயையும் கீஹோலில் செய்கிறவர்கள் உண்டு. ஆகவே 'கீஹோலா, ஓப்பனா' என்று கேட்பதை விட, 'உள்ளே என்ன செய்யப்போகிறீர்கள்' என்று கேளுங்கள். தழும்பு சின்னதா பெரியதா என்பது கல்யாணத்துக்குப் பெண் பார்க்கும்போது கூட யாரும் கேட்கப் போவதில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கீஹோல் தையலுக்கு மேலே சொன்ன நல்ல எண்கள் முதல் சில வருஷங்களுக்கானவை. கீஹோல் தையல் செய்து 10 வருஷத்துக்கு மேல் பின்தொடர்ந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஏதோ ஒரு வகையில் தோள் நிலையில்லாத உணர்வு திரும்பியிருக்கிறது. முழுசாகக் கழன்று இறங்கியது ஆறில் ஒருவருக்கு. அந்தக் காலத்தில் எலும்பு இழப்பைச் சரியாக அளக்காமல் தைத்தவர்களும் இதில் அடக்கம் என்பதால் இன்றைக்கு நிலைமை இதைவிட மேலாக இருக்கும் என்று நம்புகிறேன். ஆனால் ஆயுள் உத்தரவாதம் யாராவது கொடுத்தால் அவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்.

கழலாமல் இருப்பது மட்டும் வெற்றியும் இல்லை. சிலருக்குத் தோள் கழலவே கழலாது, ஆனால் கையை ஓங்க மனசு வராது. சிலருக்குக் கையை வெளிப்பக்கமாகத் திருப்பும் அளவு சில பாகைகள் குறைந்துவிடும். உங்கள் வேலைக்கு அது தெரியாது, பந்தைக் கையால் வீசும்போது தெரியலாம். விளையாட்டுக்குத் திரும்புகிறவர்கள் ஐந்தில் நான்கு பேர்; பழைய அதே தரத்துக்குத் திரும்புகிறவர்கள் மூன்றில் இரண்டு பேர் அளவில். தேய்மானம் என்று பார்த்தால், நீண்ட காலம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில் பாதிப் பேருக்கு மேல் கொஞ்சம் தெரிகிறது. ஓரளவு கடுமையாக இருப்பது பத்தில் ஒருவருக்கு. ஆனால் இதற்கு அறுவையைக் குறை சொல்ல முடியாது. பெரும்பங்கு, அறுவைக்கு முன்னால் எத்தனை முறை கழன்றது என்பதில் இருக்கிறது. தள்ளிப்போட வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுவும்தான். இன்னும் நாலு தடவை கழன்ற பிறகு வந்தால், இன்றைக்குத் தையலில் முடிகிற வேலை நாளைக்கு எலும்பு வைக்கிற வேலையாகிவிடும்.

அம்மாவுக்கு இதைச் சொல்லுங்கள்: பிய்ந்திருப்பது மூட்டுக்கு உள்ளே, தசைகளுக்கு அடியில். அங்கே எண்ணெயும் போகாது, விரலும் போகாது. கழன்று, சேர்த்து, சில நாள் கழித்துத் தசை வலிக்கிறது என்று லேசாக எண்ணெய் தடவிவிட்டால் ஒன்றும் கெட்டுவிடாது. ஆனால் கழன்ற தோளை எக்ஸ்ரே இல்லாமல் இழுத்துச் சேர்க்க யாரையும் விடாதீர்கள். உள்ளே எலும்பு உடைந்திருந்தால், நரம்பு மாட்டியிருந்தால், இழுப்பில் அது பெரிதாகும். பிசியோ பற்றிக் கேட்டால், தசையை வலுப்படுத்துவது அறுவைக்கு முன்னும் பின்னும் நல்லதுதான். பிய்ந்த வளையத்தை அது ஒட்ட வைக்காது.

அறுவைக்குப் பிறகு என்ன நடக்கும்? மயக்க மருந்தோடு கழுத்தருகே நரம்புக்கு ஓர் ஊசி போடுவார்கள். அதனால் முடிந்ததும் கை முழுக்க மரத்துப்போய், உங்கள் கை உங்களுடையதே இல்லை போலத் தொங்கும். மறுநாளுக்குள் உணர்ச்சி திரும்பிவிடும். மரப்பு விடும் நேரத்தில்தான் வலி திடீரென்று வரும், ஆகவே வலி மாத்திரையை அதற்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். அன்றைக்கோ மறுநாளோ வீட்டுக்குப் போகலாம். முதல் சில இரவுகள் நேராகப் படுத்தால் தூக்கம் வராது. நாலைந்து தலையணை வைத்து, பாதி உட்கார்ந்த நிலையில் தூங்குங்கள். சட்டை போடும்போது அறுவை செய்த கையை முதலில் நுழையுங்கள், கழற்றும்போது கடைசியில் எடுங்கள். பொத்தான் வைத்த சட்டை நாலு எடுத்து வையுங்கள். டி சர்ட் இப்போதைக்கு ஆகாது. சுமார் நான்கு வாரம் கைத்தொட்டில் போட்டிருக்க வேண்டும், குளிக்கவும் பயிற்சிக்கும் மட்டும் கழற்றலாம். விரல், மணிக்கட்டு, முழங்கையை முதல் நாளிலிருந்தே அசைக்க வேண்டும், இல்லையென்றால் அவை இறுகிவிடும். கையை வெளிப்பக்கம் திருப்புவது மட்டும் ஆறு வாரம் வரை கட்டுப்பாட்டில்.

ஒட்டுகிற வேலை நூலுடையது இல்லை, உங்கள் உடம்புடையது. நூல் பிடித்துக்கொண்டிருக்கும்போதே ஜவ்வு எலும்போடு வளர்ந்து சேர வேண்டும். அதற்கு மாதங்கள் ஆகும். சிகரெட் பழக்கம் இருந்தால் இதற்குத்தான் முதல் எதிரி. ஆறாவது, ஏழாவது வாரத்தில் வலி போய்விடும், கை நன்றாக ஆகிவிட்ட மாதிரி இருக்கும். ஆபத்தான காலமே அதுதான். வலி இல்லை என்பதால் கேஸ் தோம்பைத் தூக்குவார்கள், ஓடும் பேருந்தில் மேலே கம்பியைப் பிடிப்பார்கள்.

வேலை என்று பார்த்தால், உட்கார்ந்து கணினி பார்க்கும் வேலைக்கு இரண்டு முதல் நான்கு வாரத்தில் போகலாம். உங்கள் லைனில் தோள் உயரத்துக்கு மேலே கை போகிற வேலையோ, பெட்டி தூக்குவதோ இருந்தால் மூன்று மாதம். ஆகவே எம்.சி (மருத்துவ விடுப்புச் சான்று) கேட்கும்போது உங்கள் வேலை என்ன, எவ்வளவு கனம் தூக்குகிறீர்கள் என்று டாக்டரிடம் விவரமாகச் சொல்லுங்கள்; 'ஃபேக்டரி' என்று மட்டும் சொன்னால் அவருக்கு ஒன்றும் புரியாது. இலகுவான வேலைக்கு மாற்றச் சொல்லி ஒரு கடிதமும் வாங்கிக்கொள்ளுங்கள். மோட்டார் சைக்கிள்தான் பெரிய விஷயம். பாலத்தின் மேல் பக்கவாட்டுக் காற்றில் வண்டியைப் பிடித்து நிறுத்துவது தோளுக்கு லேசான வேலை இல்லை, விழுந்தால் கையை ஊன்றுவீர்கள். மூன்று மாதம் பாலத்தில் மோட்டார் சைக்கிள் வேண்டாம். கம்பெனிப் பேருந்தோ, தெரிந்தவர் காரோ, பெர்ரியோ பாருங்கள். ஃபுட்சால் ஆறு மாதத்துக்கு முன் கிடையாது, அதிலும் கோல்கீப்பராக இல்லை. முன்னால் ஆடிப் பழகுங்களேன்.

காவடிக்கு வருகிறேன். வேண்டுதலைத் தள்ளிப்போடச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. இன்னும் இரண்டு மூன்று மாதத்துக்குள் அறுவை முடிந்தால் அடுத்த தைப்பூசத்துக்கு எட்டு, ஒன்பது மாதம் ஆகியிருக்கும். கனம் இடுப்புப் பட்டையிலும் இரண்டு தோளிலும் சமமாக இறங்கும்படி கட்டிய காவடி என்றால், பிசியோவில் தசை வலு திரும்பியிருந்தால், எடுக்கலாம். தண்ணீர்மலையின் 513 படிகள் உங்கள் முழங்கால் பிரச்சினை, தோளுக்கு ஒன்றும் இல்லை. கவலை இருப்பது பால்குடத்தில்தான்: தலைமேல் குடத்தை வைத்து வலது கையை மேலே உயர்த்தி மணிக்கணக்கில் பிடிப்பது, நான் சொன்ன அதே கோணம். குடம் எடுப்பதென்றால் இடது கையால் பிடியுங்கள். ஆட்டக் காவடியாக முழு வீச்சில் ஆடுவதும் அந்த வருஷம் வேண்டாம். தேங்காயைத் தம்பியோ நண்பனோ உடைக்கட்டும்.

செலவு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பினாங்கு பொது மருத்துவமனையிலும் (ஜி.எச்) செபராங் ஜெயா மருத்துவமனையிலும் எலும்பு சிகிச்சைப் பிரிவு உண்டு. அரசாங்க மருத்துவமனையில் கட்டணம் குறைவு, காத்திருப்பு அதிகம். ஆங்கர் போன்ற பொருட்களின் விலையை நோயாளியே ஏற்க வேண்டி வரலாம். முடியாவிட்டால் மருத்துவமனையின் சமூகநல அதிகாரியைப் பார்த்து உதவி நிதிக்கு விண்ணப்பியுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. தனியாரில் என்றால், கம்பெனி மெடிக்கல் கார்டு இதை ஏற்குமா என்று எழுத்தில் உறுதி வாங்கிய பிறகே தேதி குறியுங்கள். 17 வயதிலிருந்தே இருக்கும் கோளாறு என்பதால் சில காப்புறுதிகள் மறுக்கக்கூடும்.

இந்தப் பக்கத்தைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. வலிப்பு நோய் உள்ளவருக்குத் தோள் கழன்றால், முதலில் வலிப்பைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் எந்தத் தையலும் நிற்காது. நாற்பதைத் தாண்டியவருக்கு முதல் முறை கழன்றால் திரும்பக் கழலும் பயம் குறைவு. ஆனால் சேர்த்த பிறகு கையைத் தூக்க முடியவில்லை என்றால் தசைநாண் கிழிந்திருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும், 'பழகினால் சரியாகிவிடும்' என்று மாதக்கணக்கில் விடக் கூடாது.

தம்பி, அறுவைக்கு முன் மறுபடி கழன்றால் பதறாதீர்கள். உட்கார்ந்து, கையை எந்த நிலையில் வலி குறைகிறதோ அதே நிலையில் ஒரு துண்டால் தாங்கிப் பிடித்து, அவசரப் பிரிவுக்குப் போங்கள், வண்டியை வேறு யாராவது ஓட்டட்டும். மயக்கம் கொடுக்க வேண்டி வரலாம் என்பதால் வழியில் ஒன்றும் சாப்பிட வேண்டாம், குடிக்க வேண்டாம். தோளின் வெளிப்பக்கம் தொட்டால் மரத்திருக்கிறதா, விரல்கள் வெளுத்துச் சில்லிட்டிருக்கின்றனவா என்று பார்த்து, இருந்தால் போனவுடனே சொல்லுங்கள். சேர்ப்பதற்கு முன் ஒன்று, பின் ஒன்று என்று எடுக்கும் இரண்டு எக்ஸ்ரேயையும் நகல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சி.டிக்கு எழுதிக் கொடுக்கும் டாக்டர் அவற்றைத்தான் முதலில் கேட்பார்.